கார்த்திகைக் கிழங்கும் கலத்தின் காவலும்



மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ இரண்டு மைல் சென்றால் அலுவிகாரை என்னும் பழைய குகைக் கோயிலை அடையலாம். கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை பிக்குகளின் நாவிலும் நினைவிலும் மாத்திரம் வாழ்ந்துவந்த திரிபிடகம் இவ்விடத்திலேதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய அக்காலத்தில், ஓதுவார் மாண்டால் ஓதப்படுவதும் உடன் மாண்டுவிடும் என்ற அச்சமே அவ்வெழுத்து வேலைக்குக் காரணமாயிற்று என்பர்.

ஏட்டுச் சுவடிகளைக் காத்த எவருக்கும் மூன்று கவலைகள் உண்டு. ஏடு செல்லரித்துப் போகும். ஆதலால் பிரதி எடுத்தல் வேண்டும். பிரதி எடுக்குங்கால் எழுத்துப் பிழை நேரும். ஆதலால் மூலத்தோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். பிரதிகளை இரண்டு நூல்நிலையங்களுக்குப் பங்கிட்டு அனுப்புங்கால், ஒரே சுவடிக்கட்டின் இரு பிரதியும் ஓரிடத்திற்கே சென்று, மற்றையிடத்திற்கு அக்கட்டு கிடையாமலே போதல் கூடும். ஆதலால் எண்ணிப் பார்த்து அனுப்புதல் வேண்டும். எழுத்துப் பிழை ஒரு சொல்லைக் கெடுக்கும். பங்கீட்டுப் பிழையோ ஒரு நூலையே இல்லாமற் செய்துவிடும்.

இம்மூன்றாங் கவலை நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்துக்கும் உண்டு. அக்கவலையைத் தீர்ப்பதற்கென்றே ஒரு காவல் அங்கே அமைந்திருக்கிறது. அக்காவலை மனிதன் கண்டறிந்த வரலாறே இன்றைய பேச்சின் பொருள். நான் விஞ்ஞானம் கற்பிப்பவனல்லன்; வரலாறு கற்பிப்பவன். எனவே சூத்திரங்களை விடுத்து, மனிதரையும் ஆண்டுகளையும் பற்றிக்கொண்டு இதனைச் சொல்ல முயல்வேன்.

நம் பாடநூல்கள் கலம் என்று கூறுவதைத் தமிழ்நாட்டார் உயிரணு என்றும் செல் என்றும் வழங்குவர். எல்லா உயிர்களின் உடலும் கலங்களால் ஆயது. ஒரு கலம் இன்னொரு கலத்திலிருந்தே தோன்றும், வெறுமையிலிருந்து தோன்றாது என்ற உண்மையை 1855ஆம் ஆண்டில் ஜேர்மனிய மருத்துவ அறிஞர் ருடோல்ஃப் விர்ச்சோ எடுத்துரைத்தார். இன்று அது சாதாரணமான செய்தியாகத் தோன்றும். ஆயின் அதன் பொருள் மிக ஆழமானது. நம் உடம்பிலுள்ள ஒவ்வொரு கலமும் தாயின் வயிற்றில் உருவான ஒரே ஒரு கலத்தின் வழித்தோன்றல் என்பதே அதன் பொருள். வளர்ந்தபின்னரும் இப்பிரிவு நிற்பதில்லை. நமது என்பு மச்சையில் மட்டும் ஒவ்வொரு செக்கனிலும் 20 இலட்சத்திற்கு மேற்பட்ட செங்குருதிக் கலங்கள் தோன்றிக்கொண்டிருக்கின்றன.

ஒரு கலம் இரண்டாகும்போது உள்ளே நிகழ்வது யாது? கீல் நகரில் பேராசிரியராயிருந்த வால்ட்டர் பிளெமிங் என்பார், சலமந்தர் என்னும் நீர்நில வாழ் பிராணியின் குஞ்சுகளை எடுத்து, அவற்றின் மெல்லிய இழையங்களுக்குச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பல்லாண்டு நோக்கினார். கருவினுள் சாயத்தைப் பற்றிக்கொண்ட பொருள் நூலிழைகளாய்த் திரள்வதையும், ஒவ்வோர் இழையும் நெடுக்காக இரட்டிப்பதையும், இரட்டைகள் நடுக்கோட்டில் அணிவகுத்து நின்று பின்னர் எதிர்எதிர்த் திசைகளிற் பிரிந்து செல்வதையும் கண்டார். 1882இல் அவர் வெளியிட்ட நூல் இக்காட்சியை உலகிற்கு அறிவித்தது. இழை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் இட்ட பெயரையே நாம் இழையுருப்பிரிவு என்று தமிழாக்கியுள்ளோம். 1888இல் வால்டையர் என்னும் மற்றோர் அறிஞர் அவ்விழைகளுக்கு நிறமேற்கும் உடல் என்று பொருள்படப் பெயரிட்டார். அதுவே நமது நிறமூர்த்தம்.

மனிதக் கலம் ஒன்றில் இத்தகைய நிறமூர்த்தங்கள் 46 உள. அவற்றை 46 சுவடிக்கட்டுகள் என்று கொள்ளலாம். பிரிவிற்கு முன்னர் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பிரதி எடுக்கப்படுகிறது. பின்னர் மூலமும் பிரதியும் பிரிந்து, இரண்டு சேய்க்கலங்களுக்கும் ஒவ்வொன்றாகச் செல்லவேண்டும். ஒரு கட்டேனும் தவறக்கூடாது. ஒரு கட்டேனும் இரட்டிக்கக்கூடாது.

தவறினால் என்னாகும் என்ற வினா விரைவில் எழுந்தது. 1890இல் பேர்லின் நகரைச் சேர்ந்த ஹான்சமான், புற்றுநோய்க் கட்டிகளிலுள்ள கலங்களை ஆராய்ந்து, அங்கே நிறமூர்த்தங்கள் சமமின்றிப் பங்கிடப்படுவதைக் கண்டு எழுதினார். வூர்ஸ்பர்க் பேராசிரியர் தியோடோர் பொவேரி இவ்வினாவைக் கடல்முள்ளி என்னும் சிற்றுயிரின் முட்டையிடம் கேட்டார். ஒரே முட்டையினுள் இரண்டு விந்துக்கலங்கள் புகுமாறு செய்தால், அம்முட்டை இரண்டாகப் பிரியாது ஒரே தடவையில் நான்காகப் பிரியும். நிறமூர்த்தங்கள் அந்நான்கிலும் கண்டபடி சிதறும். அவ்வாறு பிறந்த முளையங்கள் பெரும்பாலும் மடிந்தன. மடிந்தவையும் ஒரே விதமாகவன்றிப் பலவிதமாகக் கெட்டு மடிந்தன. எண்ணிக்கை மாத்திரமே முக்கியமாயின் எல்லாம் ஒரே விதமாகக் கெட்டிருத்தல் வேண்டும். பலவிதமாகக் கெட்டமையால் ஒவ்வொரு நிறமூர்த்தமும் வெவ்வேறு பொருளைத் தாங்கி நிற்கிறது என்று 1902இல் அவர் முடிவு கட்டினார். 1914இல் எழுதிய நூலில், புற்றுநோய்க்கும் இப்பங்கீட்டுப் பிழைக்கும் தொடர்பிருத்தல் வேண்டும் என்று ஊகித்து எழுதி, அடுத்த ஆண்டே காலமானார். அவர் ஊகத்தைச் சோதிக்கும் கருவிகள் அன்று உலகில் இருக்கவில்லை.

அக்கருவிகளுள் ஒன்று நம் வேலியோரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

கார்த்திகை மாதத்து மழையிலே, வேலிகளிலும் பற்றைகளிலும் இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி ஏறிப் படர்ந்து, மஞ்சளில் தொடங்கிச் செந்நிறமாய் மாறும் இதழ்களை மேல்நோக்கி விரித்து நிற்கும் பூவை நேயர்கள் அறிவர். நாம் அதனைக் கார்த்திகைப் பூ என்போம்; சிங்கள மக்கள் நியங்கலா என்பர். சங்கப் புலவர் கண்ட காந்தள் இதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்களின் வரிசை இப்பூவிலேதான் தொடங்குகிறது. இதன் கிழங்கு இரு கவராய்ப் பிரிந்து கலப்பை போலத் தோன்றுவதாற் கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் இதற்கு உண்டு. பூ எத்துணை அழகோ அத்துணைக் கொடியது கிழங்கு. உண்ணத்தக்க கிழங்கென்று மயங்கி உண்டவரும், வாழ்வை வெறுத்து அறிந்தே உண்டவரும் இந்நாட்டில் பலர். முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும்; பின்னர் என்பு மச்சை செயலிழக்கும்; பிழைத்தவருக்கும் சில நாள்களில் தலைமயிர் உதிரும். இங்ஙனம் உடல் முழுவதும் மயிர் உதிர்ந்த ஒருவரைப் பற்றி இலங்கையிலிருந்து குணரத்ன என்னும் மருத்துவர் எழுதிய அறிக்கை 1966இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது.

வயிறும் மச்சையும் மயிரும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. இம்மூன்றையும் ஒரு நஞ்சு ஒருசேரத் தாக்குவதற்குக் காரணம் யாது? உடம்பிலே இடையறாது பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள் இம்மூன்றிடத்திலும் மிகுதியாக உள என்பதே காரணம். இந்நஞ்சு கலப்பிரிவையே நிறுத்திவிடுகிறது.

இந்நஞ்சின் பெயர் கொல்கிசின். ஐரோப்பாவில் வளரும் கொல்கிகம் என்ற செடியிலிருந்து 1820இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர்களான பெல்லெத்தியேயும் கவந்தூவும் இதனைப் பிரித்தெடுத்தனர். வாதநோயால் மூட்டு வீங்குவோருக்கு அச்செடி நெடுங்காலமாக மருந்தாயிருந்தது. நமது கார்த்திகைக் கிழங்கிலும் அதே பொருள் உண்டென்பது 1915இல் நிறுவப்பட்டது. இன்றும் தமிழ்நாட்டில் மூலனூர், வேதாரணியம் முதலிய பகுதிகளில் இக்கொடியை உழவர் விதைக்காகப் பயிரிடுகின்றனர்.

சிசிலித் தீவைச் சேர்ந்த பெர்னீச்சே, 1889இல் கொல்கிசின் ஊட்டிய நாய்களின் குடலில், பிரியத் தொடங்கிப் பிரியாமல் நின்றுவிட்ட கலங்கள் குவிந்திருப்பதைக் கண்டு எழுதினார். அக்குறிப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழிந்தபின், 1934இல் பெல்ஜிய நாட்டு டுஸ்டின் அதனை மீண்டும் கண்டார். 1937இல் அமெரிக்கர் பிளேக்ஸ்லியும் ஏவரியும், கொல்கிசின் இட்ட தாவரங்களில் நிறமூர்த்தங்கள் இரட்டித்தும் கலம் பிரியாமையால் அவற்றின் தொகை இருமடங்காவதைக் காட்டினர். 1938இல் சுவீடன் நாட்டு அல்பர்ட் லெவன், வெங்காயத்தின் வேர்நுனியில் இம்மாற்றத்தைப் படிப்படியாக விளக்கினார்.

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரை நினைவுகூர்தல் கடன். 1897இல் தலைச்சேரியிற் பிறந்து, சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்தவர். இரண்டாம் உலகப் போரின் குண்டு மழைக்கிடையே இங்கிலாந்தில் இருந்து உழைத்து, டார்லிங்டன் என்பாருடன் சேர்ந்து, பயிர்த்தாவரங்களின் நிறமூர்த்தத் தொகைகளைத் திரட்டிய பெருநூலை 1945இல் வெளியிட்டார். பின்னர் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கொல்கிசின் இட்டு வளர்த்தார். அவற்றுள் ஒரு வகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பெண்கள் பள்ளிப் படிப்பை முடிப்பதே அரிதாயிருந்த காலத்தில் தொடங்கிய அவ்வாழ்வு, 1984இல் சென்னையையடுத்த மதுரவாயிலில் முடிவுற்றது.

மனிதனின் சுவடிக்கட்டுகள் எத்தனை என்பதும் இந்நஞ்சின் துணையினாலேயே தெளிவாயிற்று. 1923 முதல் அத்தொகை 48 என்றே உலகம் நம்பியிருந்தது. ஜாவாத் தீவிற் பிறந்து, போர்க்காலத்தில் ஜப்பானியரின் சிறையில் வருந்தி, பயிரியல் பயின்று ஐரோப்பா சென்ற ஜோ ஹின் ஜியோ, சுவீடனில் லெவனுடைய ஆய்வுகூடத்தில், கொல்கிசினால் நிறுத்திவைக்கப்பட்ட மனிதக் கலங்களைப் பரப்பி, 1955 டிசெம்பர் 22ஆந் தேதி எண்ணினார். எத்தனை முறை எண்ணினும் 46தான் வந்தது. முப்பதாண்டுகளாகப் பாடநூல்களில் நின்ற பிழை அடுத்த ஆண்டு அச்சான ஒரு கட்டுரையால் நீங்கிற்று. தொகை தெளிவானபின் பிழையும் தெளிவாயிற்று. 1959இல் பாரிஸ் நகரில் லெஜூன், கோத்தியே, தூர்ப்பன் என்னும் மூவரும், டவுன் நிலையிற் பிறந்த குழந்தைகளிடத்தில் 21ஆம் நிறமூர்த்தம் இரண்டிற்குப் பதிலாக மூன்று இருப்பதை அறிவித்தனர்.

இனி, நஞ்சு எதனைத் தாக்குகிறது என்பதைப் பார்ப்போம். பிரியும் கலத்தின் இரு முனைகளிலுமிருந்து மெல்லிய நார்கள் புறப்பட்டு, நடுவே நிற்கும் நிறமூர்த்தங்களைப் பற்றி இழுக்கின்றன. இந்நார்த் தொகுதிக்குக் கதிர் என்று பெயர். இது சாயமேற்றுவதால் உண்டாகும் பொய்த்தோற்றம் என்று பலர் ஐயுற்றிருந்தனர். 1950களின் முற்பகுதியில் ஷின்யா இனுவே என்னும் ஜப்பானியர், தாமே அமைத்த நுணுக்குக்காட்டியினால் உயிருள்ள கலத்திலேயே அந்நார்களைக் கண்டு, கொல்கிசின் இட்டதும் அவை கரைவதையும் காட்டினார். 1967இல் சிக்காகோவில் போரிசியும் டெய்லரும் கொல்கிசின் பற்றிக்கொள்ளும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். நார்கள் அப்புரதத்தால் ஆயவை. நஞ்சு அதனைப் பற்றிக்கொண்டால் நார் பின்னப்படாது.

கதை இத்துடன் முடிந்ததென்றே பலரும் கருதினர். ஆயின் ஒரு வினா மிஞ்சி நின்றது. கதிர் இல்லாவிடில் நிறமூர்த்தம் பிரியாது என்பது சரி. ஆனால் கலம் ஏன் காத்து நிற்கிறது? இழுக்கும் கயிறு இல்லாதபோதும் மேலே செல்ல முயன்று கெட்டுப்போகாமல், நெடுநேரம் அதே நிலையில் நின்றுகொண்டிருப்பது ஏன்? நில் என்று ஆணையிடும் ஒன்று உள்ளே இருத்தல் வேண்டுமன்றோ?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் பவனி வருவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தேர்ச்சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு நிற்கும் ஆட்களை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வடத்தை எல்லாரும் பிடித்து, வடம் விறைத்து நின்றபின்னரே கட்டை எடுக்கப்படும். அதற்குமுன் எடுத்துவிட்டால் தேர் சாயும். ஒருவர் செய்யும் காரியத்தைத் தடுப்பவரை முட்டுக்கட்டை போடுகிறார் என்று நாம் பழிக்கிறோம்; ஆயின் அக்கட்டை இல்லாத தேரில் எவரும் அம்மனை ஏற்றமாட்டார்.

கலத்தின் முட்டுக்கட்டை 1991இல் அகப்பட்டது. அதனைக் காட்டித்தந்தது, அப்பத்திற்கு மாப் புளிக்கவைக்கும் மதுவம். மதுவத்தின் கலமும் நம் கலமும் பிரிவதில் மிகவும் ஒத்தவை. சான் பிரான்சிஸ்கோவில் ரோங் லீ என்னும் சீனத்துப் பெண்மணியும் அண்ட்ரூ மறேயும் ஒரு குழுவினர். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹொயிற்றும் அவருடைய துணைவரும் மற்றொரு குழுவினர். பயிர்களின் பூஞ்சண நோய்க்குத் தெளிக்கும் பெனோமில் என்ற மருந்தும் அதன் இனத்தவையும் கதிரைக் குலைப்பன. அம்மருந்தை இட்டதும் நல்ல மதுவம் பிரிவை நிறுத்திக் காத்து நின்றது. மருந்தைக் கழுவியதும் மீண்டும் ஒழுங்காகப் பிரிந்தது. சில திரிந்த மதுவங்களோ காத்து நிற்கத் தெரியாமற் பிரிந்து, பங்கீடு கெட்டு மடிந்தன. அத்திரிபுகளில் எந்தப் பரம்பரையலகு பழுதுற்றதோ அதுவே காவலின் ஓர் உறுப்பு என்று இரு குழுவினரும் கண்டனர். ஒரு குழுவினர் கண்டவற்றுக்கு மாட் 1, மாட் 2, மாட் 3 என்றும், மற்றையோர் கண்டவற்றுக்கு பப் 1, பப் 2, பப் 3 என்றும் பெயர் வழங்கின. நிற்கவேண்டிய இடத்தில் நிற்கத் தவறுவது என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே மாட் என்பன. அவ்வெழுத்துகள் சேர்ந்து பைத்தியம் என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல்லாகவும் அமைந்துவிட்டன.

காவல் எதனைக் கவனிக்கிறது என்பதை 1995இல் இரண்டு பரிசோதனைகள் காட்டின. ஒன்று நம் தோட்டத்துக் கும்பிடுபூச்சியின் இனத்தில் நடந்தது. லீ, நிக்லஸ் என்னும் இருவர், அப்பூச்சியின் பிரியும் கலத்தில் சரியாகக் கட்டப்படாத ஒரு நிறமூர்த்தம் கலத்தை நிறுத்திவைத்திருப்பதைக் கண்டு, மயிரினும் மெல்லிய கண்ணாடி ஊசியால் அதனை இழுத்துப் பிடித்தனர். கயிறு விறைத்தது என்று கலம் நம்பிப் பிரிவைத் தொடர்ந்தது. மற்றையது நியூயோர்க் மாநிலத்து அல்பனியில் ரீடரும் துணைவரும் செய்தது. எல்லா நிறமூர்த்தங்களும் கட்டப்பட்டு ஒன்று மாத்திரம் எஞ்சிய நிலையில், அதனிடத்தில் நார் பற்றவேண்டிய பிடியை லேசர் ஒளியினால் அழித்தனர். காத்துநின்ற கலம் சிறிது நேரத்தில் பிரிந்தது. எனவே கட்டப்படாத ஒரே ஒரு பிடி போதும், முழுக் கலத்தையும் நிறுத்திவைக்க.

1996இல் நியூயோர்க்கில் யொங் லீயும் ரொபர்ட் பெனெஸ்ராவும் மனிதரிடத்தும் மாட் 2 உண்டென்று காட்டினர். மனிதரின் 4ஆம் நிறமூர்த்தத்தில் அமைந்த பரம்பரையலகு அது. அதன் கட்டளைப்படி உண்டாகும் புரதம் 205 அமினோ அமிலங்களாலாகிய சிறியதொரு சங்கிலி. அதன் வேலை இவ்வாறு நடைபெறுகிறது. மூலத்தையும் பிரதியையும் ஒரு வளையம் பிணைத்து வைத்திருக்கிறது. வளையத்தை வெட்டும் கத்தி ஒன்று உண்டு. அது உறையினுள் கிடக்கும். உறையை அகற்றும் ஆணையைப் பிறப்பிக்க ஒரு துணைப்புரதம் வேண்டும். நார் பற்றாத பிடியின்மீது வந்தமரும் மாட் 2, தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, அத்துணைப்புரதத்தைக் கொக்கி போல் மாட்டி வைத்துக்கொள்கிறது. வேறு சில காவற் புரதங்களும் உடன் சேர்ந்து பிடிக்கின்றன. ஆணை பிறவாது, உறை கழலாது, வளையம் வெட்டப்படாது. கடைசிப் பிடியையும் நார் பற்றிய பின்னர் கொக்கி விடுகிறது. எல்லா இரட்டைகளும் ஏறக்குறைய ஒரே கணத்திற் பிரிகின்றன.

காவல் தளர்ந்தால் நேர்வது யாது? மாட் 2 முற்றிலும் இல்லாத எலிகள் தாய் வயிற்றிலேயே மடிகின்றன என்று 2000இல் அறியப்பட்டது. இரண்டு பிரதிகளில் ஒன்றை இழந்த எலிகள் வாழ்ந்தன. ஆயின் முதுமையில் அவற்றுக்கு நுரையீரற் கட்டிகள் தோன்றின என்று 2001இல் பெனெஸ்ராவின் குழுவினர் எழுதினர். இதற்கு மாறாக, மாட் 2 அளவுக்கு மிஞ்சிய எலிகளிலும் கட்டிகள் தோன்றின என்பது 2007இல் தெரியவந்தது. முட்டுக்கட்டை இல்லாத தேரும் ஆபத்து. எடுக்கமாட்டாத கட்டையும் ஆபத்து. மனிதரிடத்தில், 1998இல் பப் 1 என்னும் பரம்பரையலகின் பழுது சில பெருங்குடற் புற்றுநோய்களிற் காணப்பட்டது. 2004இல் இங்கிலாந்தில், மாட் 3 என்பதற்கு உறவான மனிதப் பரம்பரையலகு ஒன்றைத் தாய்வழியும் தந்தைவழியும் பழுதாகப் பெற்ற குழந்தைகள், உடலெங்கும் தொகை மாறிய கலங்களோடு பிறந்து, இளமையிலேயே புற்றுநோய்க்கு ஆளாவது நிறுவப்பட்டது. இத்தகைய குழந்தைகள் மிக மிக அரியர். ஆயினும் பொவேரி 1914இல் எழுதியது வெறுங்கற்பனையன்று என்பதற்கு அவர்கள் வாழ்வே சாட்சியாயிற்று.

இதே அறிவு நோயைத் தீர்க்கவும் உதவிற்று. பட்டிப்பூ என்றும் நித்திய கல்யாணி என்றும் நாம் வீட்டு முற்றத்தில் வளர்க்கும் செடியிலிருந்து 1950களின் பிற்பகுதியிலும் அதனையடுத்தும் பெறப்பட்ட மருந்துகள், கொல்கிசினைப் போலவே கதிரைக் குலைப்பன. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு 1960கள் முதல் அவை வழங்கப்படுகின்றன. மாத்தளையிலிருந்து மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர், மருந்து ஏற்றிய சில வாரங்களில் பிள்ளையின் மயிர் உதிர்வதைக் கண்டு கலங்குவர். அம்மருந்துகளிற் பல, பிரியும் கலத்தை எங்கே கண்டாலும் தாக்குவன. மயிர்க்காலில் உள்ளதும் பிரியும் கலமே. மருந்து நிறுத்தப்பட்டபின் பெரும்பாலும் மயிர் மீண்டும் வளரும். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கார்த்திகைக் கிழங்கு புற்றுநோய்க்கு மருந்தாகும் என்று எவரேனும் கூறினால் அதனை நம்பற்க. கொல்கிசின் அந்நோய்க்கு மருந்தாக இயலாத அளவு நச்சுத்தன்மையுடையது. உயிர்காக்கும் அளவிற்கும் உயிர்போக்கும் அளவிற்கும் இடையே அதில் இடைவெளி மிகக் குறைவு.

இறுதியாக ஒன்று சொல்லவேண்டும். இப்பேச்சை எழுதத் தூண்டியதும் அதுவே. கலத்தின் காவல் திறமானது, குறைவற்றதன்று. பெண்ணின் முட்டைக்கலங்கள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கி, இடையில் நின்று, பல்லாண்டுகள் கழிந்தபின்னரே அப்பிரிவை முடிக்கின்றன. அத்தனை ஆண்டுகளில் இரட்டைகளைப் பிணைக்கும் வளையங்கள் தளர்கின்றன. முட்டைக்கலத்திற் காவலும் மற்றைய கலங்களிற் போல் அத்துணை இறுக்கமானதன்று. ஆதலால் தாயின் வயது ஏற ஏறப் பங்கீட்டுப் பிழை கூடுகிறது. இருபது வயதுத் தாய்மாரில் ஏறத்தாழ 1500 பிறப்புகளுக்கு ஒன்றாயிருக்கும் டவுன் நிலை, நாற்பது வயதில் ஏறத்தாழ 100க்கு ஒன்றாகிறது. சிறு பங்கு தந்தைவழிப் பிழையாலும் நேர்கிறது. இளந்தாய்மாருக்கும் நேர்கிறது.

அத்தகைய பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துவந்து பள்ளிக்கூட வாசலில் தலைகுனிந்து நிற்கும் தாய்மாரை, ஆசிரியனாகிய நான் பலமுறை கண்டிருக்கிறேன். கிரகணத்தைப் பார்த்தாள் என்பர், உண்ணத்தகாததை உண்டாள் என்பர், முன்வினை என்பர். மாமியார் பழிப்பார்; சில இடங்களிற் கணவனும் பழிப்பான். கிரகணமும் உணவும் முன்வினையும் அதற்குக் காரணமல்ல. நாற்பத்தாறு கட்டுகளைப் பங்கிடும் கணக்கில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கலத்தினுள், எந்த மனிதரும் அறியாத ஒரு கணத்தில், ஒரு கயிறு நழுவிற்று. அதை எந்தத் தாயும் செய்யவில்லை. எந்தத் தாயும் தடுத்திருக்கவும் முடியாது. லெஜூனும் அவருடன் உழைத்தோரும் 1959இல் எண்ணிச் சொன்னது இதனைத்தான். அச்செய்தி பாரிசிலிருந்து நம் கிராமங்களுக்கு வந்துசேர இத்தனை ஆண்டுகள் பிடிக்கவேண்டியதில்லை.

பிழையின்றி வந்து சேர்ந்தவர்களாகிய நாம் அதனால் பெருமை கொள்ளவும் இடமில்லை. கோடானுகோடி முறை அக்காவல் நமக்காக விழித்திருந்தது என்பதுதான் உண்மை. அக்காவல் ஒருமுறை அயர்ந்த இடத்தில் பிறந்த பிள்ளைக்கு வகுப்பறையில் ஓர் இருக்கை தருவதும், அதன் தாயின்மீது சுமத்தப்பட்ட பழியை இறக்குவதும் நம்மாற் செய்யக்கூடியவை. இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள், தங்கள் அயலில் அத்தகைய தாய் ஒருத்தி இருப்பாளாயின், நாளைக் காலையில் அவளிடம் சென்று இக்கதையைச் சொல்வார்களாக.